வாரம் ஒரு வைட்டமின் டி மாத்திரை... வயதானவர்களின் எலும்பு முறிவைத் தடுக்குமா?

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயோ டிவி ஸ்டாண்டிலோ ஒரு மருந்து டப்பா இருக்கும். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, கேஸ் மாத்திரை என்று அதில் வரிசையாக அட்டைகள் இருக்கும். கொஞ்சம் கிளறிப் பாருங்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வாங்கிய வைட்டமின் டி அட்டை ஒன்றும் நிச்சயம் கிடைக்கும். அட்டையின் பின்னால் 60,000 யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். 'வாரத்துக்கு ஒண்ணு, ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டுப் போட்டுக்கங்க' என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எத்தனை வாரம் என்று கேட்டிருக்க மாட்டோம்.

என் பெரியம்மாவுக்கு 74 வயது. எப்போதோ ஒரு மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் 'வைட்டமின் டி கம்மி' என்று ரிப்போர்ட் வந்ததிலிருந்து ஞாயிறுதோறும் அந்த மாத்திரையைத் தவறாமல் போட்டவர். போன மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை பாத்ரூம் போக எழுந்தார். விளக்கைப் போட்டால் மற்றவர்கள் தூக்கம் கெடுமே என்று இருட்டிலேயே நடந்தார். ஈரத் தரையில் கால் வழுக்கியது. இடுப்பு எலும்பு முறிந்தது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவர் மகன், என் அண்ணன், திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "வைட்டமின் டி எல்லாம் கரெக்டா குடுத்துக்கிட்டுத்தானே இருந்தோம். அப்புறம் எப்படி உடைஞ்சுது?"

நம்மில் பலர் கேட்கக்கூடிய கேள்விதான் அது. இதற்கு விடை தேடி மருத்துவ உலகம் கடந்த முப்பது ஆண்டுகளாகப் பல்லாயிரம் பேரிடம் ஆய்வு நடத்தியிருக்கிறது. விடையும் ஓரளவு தெளிவாகவே கிடைத்துவிட்டது. ஆனால், அது இன்னும் நம் வீட்டு மருந்து டப்பா வரைக்கும் வந்து சேரவில்லை.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

வைட்டமின் டி-யின் முக்கிய வேலை, நாம் சாப்பிடும் கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள உதவுவது. அது போதாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் குறையும். உடனே கழுத்தில் இருக்கும் பாரா தைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பில் இருக்கும் கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கச் சொல்லும். மாதச் செலவுக்குப் பணம் போதாமல் சேமிப்பில் கை வைப்பது போலத்தான். இது நீண்ட நாள் நடந்தால் எலும்பு பலவீனமாகும். குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸும், பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகும் நோயும் வருவது இதனால்தான். இந்த அறிவியலில் எந்தச் சந்தேகமும் இல்லை.

1992-ல் பிரான்ஸிலிருந்து வந்த ஓர் ஆய்வு இந்த நம்பிக்கையை உறுதியாக்கியது. லியோன் நகரில், முதியோர் இல்லங்களில் வசித்த 3,270 பெண்களிடம் நடந்த ஆய்வு அது. அவர்களின் சராசரி வயது 84. ஒரு பிரிவினருக்குத் தினமும் 800 யூனிட் வைட்டமின் டி-யும் 1,200 மில்லிகிராம் கால்சியமும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கொடுத்தது மருந்தில்லாத போலி மாத்திரை. 18 மாத முடிவில், சத்து மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இடுப்பு எலும்பு முறிவு 43 சதவிகிதம் குறைவாக இருந்தது.

பெரிய வெற்றிதான். ஆனால், அந்தப் பாட்டிகள் யார் என்று பாருங்கள். 80 வயதைத் தாண்டியவர்கள். வெயிலே அதிகம் படாமல் வாழ்ந்தவர்கள். சாப்பாட்டில் கால்சியமும் குறைவு. அதாவது, உண்மையிலேயே குறைபாடு இருந்தவர்கள். கொடுத்ததும் வைட்டமின் டி மட்டுமல்ல, கால்சியமும் சேர்த்து. இந்த விவரங்களெல்லாம் நாளடைவில் காணாமல் போய், 'வைட்டமின் டி போட்டா எலும்பு உடையாது' என்ற ஒற்றை வரி மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

25,871 பேரிடம் கேட்ட கேள்வி

இந்த ஒற்றை வரியை உரசிப் பார்த்த மிகப்பெரிய ஆய்வின் முடிவு 2022 ஜூலையில் வெளியானது. பெயர் 'வைட்டல்'. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து நடத்தப்பட்டது. 50 வயதைத் தொட்ட ஆண்கள், 55 வயதைத் தொட்ட பெண்கள் என மொத்தம் 25,871 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி. மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது சாப்பிட்டவர்களுக்கே தெரியாது. ஐந்து வருடங்களுக்கு மேல் அவர்களைக் கவனித்தார்கள்.

வைட்டமின் டி சாப்பிட்ட 12,927 பேரில் எலும்பு முறிந்தவர்கள் 769 பேர். போலி மாத்திரை சாப்பிட்ட 12,944 பேரில் 782 பேர். அவ்வளவுதான் வித்தியாசம். அதாவது, வித்தியாசமே இல்லை. இடுப்பு எலும்பைத் தனியாகப் பார்த்தாலும் பலன் தெரியவில்லை. வயது, எடை, ஆரம்பத்தில் ரத்தத்தில் இருந்த வைட்டமின் டி அளவு என எப்படிப் பிரித்துப் பார்த்தும் கதை மாறவில்லை.

இது ஒற்றை ஆய்வு மட்டும் சொல்லும் முடிவல்ல. 2006-லேயே அமெரிக்காவில் 36,282 பெண்களுக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் கொடுத்துப் பார்த்தார்கள். இடுப்பு எலும்பின் அடர்த்தி லேசாகக் கூடியது. முறிவு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் 17 சதவிகிதம் அதிகம்.

ஆஸ்திரேலியாவில் நடந்த 'டி-ஹெல்த்' ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 60 வயதுக்கு மேற்பட்ட 21,000-க்கும் அதிகமானவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை மாதம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். எத்தனை யூனிட் தெரியுமா? 60,000. ஆம், நம் வீட்டு டப்பாவில் இருக்கும் அதே அளவு. அவர்கள் மாதம் ஒருமுறை கொடுத்தார்கள். நாம் வாரம் ஒருமுறை கொடுக்கிறோம். 2023-ல் வெளியான அதன் முடிவும் ஏறக்குறைய அதேதான். மொத்தத்தில் எலும்பு முறிவு ஆபத்து குறிப்பிடும்படி குறையவில்லை.

'சத்து மாத்திரைதானே, என்ன ஆகிடப்போகுது?'

பலன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கெடுதல் இல்லையே என்று தோன்றும். அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

வைட்டமின் பி, சி போன்றவை தேவைக்கு அதிகமானால் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். டி அப்படியல்ல. அது கொழுப்பில் கரைவது. உடலிலேயே தங்கும், சேரும்.

ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தொட்ட 2,256 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தினமும் மாத்திரை போடுவது சிரமம், மறந்துவிடுவார்கள் என்று, வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வந்த முடிவு ஆய்வாளர்களையே அதிரவைத்தது. வைட்டமின் டி சாப்பிட்ட பெண்கள் கீழே விழுவது 15 சதவிகிதமும், எலும்பு முறிவு 26 சதவிகிதமும் அதிகமாகியிருந்தன. எதைத் தடுக்கக் கொடுத்தார்களோ அதுவே கூடிவிட்டது.

கனடாவின் கால்கரி நகரில் 311 பேருக்குத் தினமும் 400, 4,000, 10,000 யூனிட் என மூன்று அளவுகளில் மூன்று வருடங்கள் கொடுத்தார்கள். அளவு கூடக் கூட எலும்பு அடர்த்தியும் கூடும் என்றுதானே நினைப்போம்? அதிக அளவு சாப்பிட்டவர்களுக்கு முன்கை எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது.

இதை நம் வாரக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். வாரம் 60,000 என்றால் தினமும் சுமார் 8,500 யூனிட். ஆரோக்கியமான ஒருவருக்கு, 70 வயது வரை தினமும் 600 யூனிட், அதற்கு மேல் 800 யூனிட் போதும் என்றுதான் அமெரிக்காவின் மருத்துவ நிபுணர் குழு 2010-ல் வரையறுத்தது. தாண்டக் கூடாத எல்லை என்று அது சொன்னது 4,000 யூனிட்.

நம் மருத்துவர்கள் வாரம் 60,000 எழுதுவது தவறா? இல்லை. கடுமையான குறைபாட்டைச் சீக்கிரம் சரிசெய்ய, எட்டு வாரம் போலக் குறிப்பிட்ட காலத்துக்கு எழுதுகிறார்கள். அது சிகிச்சை. அந்த எட்டு வாரம் முடிந்த பிறகு அடுத்த சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் அட்டையை நீட்டி, 'இதே ஒண்ணு குடுங்க' என்று வருடக்கணக்கில் வாங்குகிறோமே, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டு, ரத்தத்தில் கால்சியம் எகிறி, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் உண்டு. வாந்தி, பசியின்மை, மலச்சிக்கல், அடங்காத தாகம், மனக்குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். வீட்டில் பார்ப்பவர்கள் 'வயசாகிடுச்சு, அதான்' என்று விட்டுவிடுவார்கள். அதற்குள் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

புதிய வழிகாட்டுதல்கள் என்ன சொல்கின்றன?

ஹார்மோன் துறை மருத்துவர்களின் சர்வதேச அமைப்பான 'எண்டோகிரைன் சொஸைட்டி' 2024 ஜூனில் தன் பழைய பரிந்துரைகளைத் திருத்தியது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக வைட்டமின் டி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை என்கிறது. 50 முதல் 74 வயது வரை உள்ளவர்கள், அன்றாடத் தேவையைத் தாண்டிக் கூடுதலாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்கிறது. 75 வயதைத் தாண்டியவர்களுக்குக் கொடுக்கலாம் என்கிறது. அதுவும் எலும்பு முறிவைத் தடுப்பதற்காக அல்ல, இறப்பு ஆபத்து சற்றே குறையலாம் என்பதற்காக. 50 வயதுக்கு மேல் தேவைப்பட்டால், எப்போதாவது பெரிய அளவில் கொடுப்பதைவிடத் தினமும் சிறிய அளவில் கொடுப்பதே நல்லது என்றும் சொல்லியிருக்கிறது.

நோய்த் தடுப்பு குறித்து அமெரிக்காவில் பரிந்துரைகள் வழங்கும் நிபுணர் குழு, 2024 டிசம்பரில் வெளியிட்ட வரைவில் இன்னும் ஒரு படி மேலே போனது. வீட்டில் வசிக்கும், மாதவிடாய் நின்ற பெண்களும் 60 வயதைத் தொட்ட ஆண்களும், எலும்பு முறிவையும் விழுவதையும் தடுப்பதற்கென்று வைட்டமின் டி சாப்பிட வேண்டாம் என்றது. குறைபாடோ எலும்புப்புரையோ இருப்பவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது.

அமெரிக்கக் கணக்கு நமக்குச் சரிவருமா?

நியாயமான கேள்வி. 'வைட்டல்' ஆய்வில் கலந்துகொண்டவர்களின் ரத்தத்தில் ஆரம்பத்திலேயே சராசரியாக 30 நானோகிராம் வைட்டமின் டி இருந்தது. 20 இருந்தாலே பெரும்பாலானவர்களின் எலும்புக்குப் போதும் என்பது மேலே சொன்ன 2010 குழுவின் கணக்கு. ஏற்கெனவே நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? நம் ஊரிலோ 20-க்குக் கீழே இருப்பவர்கள் ஏராளம்.

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் ஏன் இப்படி? நம் தோலின் கறுப்பு நிறமி ஒரு இயற்கைக் குடை. வெயிலின் புற ஊதாக் கதிர்களை அது தடுப்பதால், வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வெயில் தேவை. வயது கூடும்போது தோலின் உற்பத்தித் திறனும் குறைகிறது. காலை ஆறரை மணி இளவெயிலில் நடந்தால் வைட்டமின் டி கிடைக்கும் என்பது நம் பரவலான நம்பிக்கை. உடம்புக்கு நடை நல்லது. ஆனால், அந்த நேரத்து வெயிலில் வைட்டமின் டி-யை உருவாக்கும் கதிர்கள் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் அதற்குச் சரி. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் பலனில்லை; கண்ணாடி அந்தக் கதிர்களைத் தடுத்துவிடும்.

அதனால், மேலைநாட்டு முடிவை அப்படியே எடுத்துக்கொண்டு 'வைட்டமின் டி வேஸ்ட்' என்று அட்டையைக் குப்பையில் போடுவதும் தவறு. குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். குறைபாடு இல்லாதவருக்கு மேலும் மேலும் கொடுப்பதால் எலும்பு இரும்பாகிவிடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோட்டை மருத்துவர்தான் போட வேண்டும். மருந்துக்கடை கவுன்ட்டர் அல்ல.

யாருக்கு உண்மையில் தேவை?

வீட்டைவிட்டு வெளியே வராத, படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்கள். உடல் முழுக்க எலும்பு வலியோடு, தொடைத் தசை பலமிழந்து, உட்கார்ந்தால் எழ முடியாமல் தவிப்பவர்கள். சிறுநீரகம், கல்லீரல், குடல் நோய் உள்ளவர்கள். வலிப்புக்கான சில மருந்துகளையோ ஸ்டீராய்டையோ நீண்ட நாள் சாப்பிடுபவர்கள். எலும்புப்புரைக்கு மருந்து எடுப்பவர்கள். இவர்களுக்குப் பரிசோதனையும் மாத்திரையும் அவசியமாகலாம். மருத்துவர் எழுதித்தந்து சாப்பிடுகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை போகும்போது, 'டாக்டர், இதை எவ்வளவு நாள் போடணும்?' என்று மட்டும் கேளுங்கள்.

எலும்பு உடைவது விழுவதால்தான்

பெரியம்மாவின் பாத்ரூமுக்குத் திரும்பி வருவோம். வயதானவர்களின் இடுப்பு எலும்பு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை விழுவதால் வருபவை. உலக அளவில், இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார். பிழைப்பவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை. வைட்டமின் டி நம்பர் குறைந்தால் பதறும் நாம், 'அம்மா போன மாசம் ஒரு தடவை தடுமாறி விழுந்தாங்க, நல்லவேளை ஒண்ணும் ஆகல' என்பதைச் சாதாரணமாகக் கடந்துபோகிறோம். உண்மையான எச்சரிக்கை மணி அதுதான்.

ஏன் விழுகிறார்கள் என்று பாருங்கள். கண்புரையை 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டிருப்பார்கள். பிரஷர் மாத்திரையால் படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றும். தூக்க மாத்திரையின் மயக்கம் விடியும் வரை இருக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போய் தரை தெரியாது. தேய்ந்துபோன ரப்பர் செருப்பு, பளபளக்கும் டைல்ஸ், மடங்கிக் கிடக்கும் கால்மிதி... ஒவ்வொன்றும் ஒரு குழி.

விழுவதைக் குறைக்க மாத்திரையைவிட வலுவான ஆதாரம் உடற்பயிற்சிக்கு இருக்கிறது. 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான 'காக்ரேன்' அறிக்கை, உடற்பயிற்சி செய்யும் முதியவர்கள் விழுவது 23 சதவிகிதம் குறைகிறது என்கிறது. நன்றாகப் பலன் தந்தவை, சமநிலையைப் பழக்கும் பயிற்சிகள். ஜிம் வேண்டாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது, சுவர் ஓரமாகக் குதிகாலும் விரலும் தொடும்படி அடிமேல் அடி வைத்து நடப்பது எனத் தொடங்கலாம். ஆரம்பத்தில் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

எலும்பு உண்மையில் பலவீனமா என்று அறிய வைட்டமின் டி பரிசோதனை போதாது. அதற்கு 'டெக்ஸா' ஸ்கேன் இருக்கிறது. அதில் டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. பெயரில் ஒரு 'டி' இருந்தாலும் இந்த ஸ்கோருக்கும் வைட்டமின் டி-க்கும் சம்பந்தமில்லை. லேசாக விழுந்தே ஒருமுறை எலும்பு முறிந்தவர்கள் இதைக் கட்டாயம் மருத்துவரிடம் கேட்க வேண்டும். எலும்புப்புரைக்குப் பலன் நிரூபிக்கப்பட்ட மருந்துகள் உள்ளன. வருடம் ஒருமுறை ட்ரிப்ஸில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட், மூன்று ஆண்டுகளில் இடுப்பு எலும்பு முறிவை 41 சதவிகிதமும் முதுகெலும்பு முறிவை 70 சதவிகிதமும் குறைத்ததை 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தகைய மருந்துக்கு முன்பு வைட்டமின் டி குறைபாட்டைச் சரிசெய்தாக வேண்டும். அங்கே வைட்டமின் டி துணை நடிகர், கதாநாயகன் அல்ல.

சாப்பாட்டுக்கும் இடம் கொடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. எள், தயிர், நெத்திலிக் கருவாடு எல்லாமே நல்லவை. 'வயசானா கஞ்சி போதும்' என்று பருப்பையும் முட்டையையும் குறைக்காதீர்கள். விழாமல் தாங்கிப் பிடிப்பது தசை. தசைக்குப் புரதம் வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்யலாமே...

* மருந்து டப்பாவைக் கொட்டி, வைட்டமின் டி எத்தனை நாளாக, யார் சொல்லி ஓடுகிறது என்று பாருங்கள். கால்சியம் மாத்திரையிலும் மல்டிவிட்டமினிலும் சேர்ந்திருக்கும் டி-யையும் கணக்கில் எடுங்கள்.

* கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று போடுங்கள்.

* பாத்ரூம் சுவரில் கைப்பிடி பொருத்துங்கள். உட்கார்ந்து குளிக்க வழுக்காத ஸ்டூல் வையுங்கள்.

* கடந்த ஒரு வருடத்தில் விழுந்தார்களா, தடுமாறினார்களா என்று பெற்றோரிடம் கேளுங்கள். 'சொன்னா திட்டுவாங்க' என்று மறைத்திருப்பார்கள். திட்டாமல் கேளுங்கள்.

பெரியம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். கூடத்திலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரிகிறது. சுவரில் ஸ்டீல் கைப்பிடி வந்துவிட்டது. அதைப் பொருத்த ஆளுக்குக் கொடுத்த கூலியையும் சேர்த்துச் சொன்ன அண்ணன், "இவ்வளவுதாண்டா ஆச்சு. இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்" என்றார்.

நீங்கள் முன்னாடியே செய்துவிடுங்கள்.